விரலிடுக்கில் ஒரு கண்: கால் மருத்துவரின் கேள்வி-பதில்

அம்மாவுக்கு இருபது ஆண்டுகளாக யானைக்கால். மழைக்காலம் வந்தாலே நெறி கட்டி, குளிர்காய்ச்சல் அடிக்கிறது. மறுபடியும் புழுவா? (வில்லியனூர்)

பெரும்பாலும் புழுவாக இருக்காது. நிணநீர் தேங்கிய காலில் சேற்றுப்புண் வழியாக பாக்டீரியா புகுந்துவிடுகிறது. 1975 முதல் கொசு போன்ற நோய்க்கடத்திகளை ஆராயும் மத்திய நிறுவனம் ஒன்று புதுச்சேரியிலேயே இருப்பதாலோ என்னவோ, நம்மவர்கள் கொசுவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். சோப்பைப் பற்றிப் பேச ஆளில்லை. தினமும் படுக்கும் முன் சோப்பும் பச்சைத் தண்ணீரும் கொண்டு விரலிடுக்கு, தோல் மடிப்பு எல்லாம் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். இடுக்கு வெளுத்து அரித்தால், மருத்துவர் தரும் பூஞ்சைக் களிம்பைப் பூசுங்கள். உட்காரும்போது கால் உயரத்தில் இருக்கட்டும். காய்ச்சல் கண்டால் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், காலைப் பிடித்துவிடவும் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரைப் புண். கட்டுப் போடும் இடத்தில் ஒரே கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து அடுத்தவருக்கும் எடுக்கிறார்கள். சரியா? (கடலூர் முதுநகர்)

சரியில்லை. ஸ்பிரிட்டுக்கு பாக்டீரியாவின் வித்துகள் (தடித்த உறைக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவம்) சாகாது. கொதிநீரையும் அந்த விஷயத்தில் நம்ப முடியாது. சீழும் இரத்தமும் போகக் கருவியைத் தேய்த்துக் கழுவிய பிறகு, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலத்தில் 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். துணியில் சுற்றி வைத்தால் 30 நிமிடம். கழுவாத கருவியை வேகவைப்பதில் பயனில்லை, அழுக்கே கிருமிக்குப் போர்வை. கையுறையையும் ஆளுக்கு ஆள் மாற்றி, இடையில் கை கழுவ வேண்டும். கேட்கத் தயக்கமாக இருந்தால், "எங்களுக்குப் புதிதாகப் பிரித்த கருவி எடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். கால் ஆணியை பிளேடால் சீவிவிடுபவர்களுக்கும் இதே விதிதான். சர்க்கரை உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கரும்பு வெட்டும்போது காலில் பட்ட காயத்தில் காப்பித்தூள் வைத்தேன். (நெல்லிக்குப்பம்)

கழுவி எடுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, சுத்தமான துணியால் மூடுங்கள். மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் வித்து உண்டு. கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் இன்றே போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரை. வெள்ளிக் கடற்கரையில் வெறுங்காலோடு நடக்கலாமா? (தேவனாம்பட்டினம்)

கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் கிளிஞ்சல் கீறினாலும் தெரியாது. புண்ணைக் கடல்நீர் ஆற்றிவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். அதில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் சில புண்ணுக்குள் புகுந்தால், ஓரிரு நாளில் கால் கறுத்துவிடக்கூடும்.