பூண்டுத் தாத்தாவுக்கு என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறை. தெருவுக்கே தாத்தாவாக இருந்த விவசாயி ஒருவர் போன மாதம் தவறிவிட்டார். யார் கேட்டாலும் காசு வாங்காமல் விதைப்பூண்டு கொடுப்பார். மகன்கள் திருப்பூரில் வேலை பார்க்கிறார்கள். இளவட்டங்கள் பெரிய ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்கிறார்கள். வேறு ஏதாவது செய்யலாமா?
- ஒரு வாசகி

பதில்: ஃபிளெக்ஸ் வைக்கட்டும், தடுக்காதீர்கள். உங்கள் மலை மழைக்கு அது எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு விஷயம். நீங்கள் முதலில் அவர் வீட்டுப் பரணைப் பாருங்கள், புகை படும்படி கட்டித் தொங்கவிட்ட பூண்டு மிச்சம் இருக்கிறதா? பூண்டு நெல் மாதிரி இல்லை, பல்லை ஊன்றினால்தான் அடுத்த பூண்டு, அதனால் அவர் வருஷக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து வைத்த ரகத்தை ஒரு வருஷம் நடாமல் விட்டால் காய்ந்து சருகாகி அதோடு போச்சு. மகன்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் நடலாம், தவறினால் அக்டோபர், நவம்பர். அழுகலைத் தள்ளிவிட்டுத் திரட்சியான பல்லாகப் பார்த்து ஊன்றுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல்தான். அதுவரை அதைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் இவரைப் போன்றவர்கள். சரி, பரணில் ஒன்றுமே இல்லையா? கவலை வேண்டாம், இத்தனை பேருக்குச் சும்மா கொடுத்திருக்கிறாரே, அவர்கள் காட்டில் போய்க் கேளுங்கள்.