பழைய கார்களின் டோர் பீடிங்: மழைக்கு முன் வந்த கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி நெருங்கினால் போதும், அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் பீடிங், அதாவது கதவைச் சுற்றி வரும் ரப்பர் பட்டையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அடைப்பதுதான் பீடிங்கின் வேலை. இடைவெளியே கோணலாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரப்பராலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதனால் கீழே பல பதில்களில் ரப்பரை விடக் கதவைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

கேள்வி: சார், என்னுடையது அம்பாசிடர் மார்க் 2. நாலு கதவுக்கும் புது பீடிங் போட்டாச்சு. ஆனாலும் மழை பெய்தால் டிரைவர் காலடியில் மேட் நனைகிறது. பீடிங் மட்டமா, போட்டவர் சரியில்லையா? (திருச்சி)

பதில்: இரண்டும் இல்லாமல் இருக்கலாம். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கண்ணாடி இறங்கும் வாய் வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் கொஞ்சம் போகத்தான் செய்யும், வண்டியை வடிவமைத்தவர்களே அதை எதிர்பார்த்துத்தான் கதவின் அடி விளிம்பில் ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் அந்த ஓட்டை வழியாக ரோட்டில் வடிந்துவிட வேண்டும். ஐம்பது வருட வண்டியில் அந்த ஓட்டைகள் மண்ணும் துருப்பொடியும் சேர்ந்து அடைத்திருக்கும், இல்லையென்றால் டிங்கரிங் செய்தபோது யாரோ பட்டி வைத்து மூடியிருப்பார்கள், இதை நான் நிறையப் பார்க்கிறேன். அப்படி மூடினால் கதவுக்குள் தண்ணீர் தேங்கும், பிரேக் போடும்போது சளசளவென்று சத்தம் கேட்கும், தேங்கியது நிரம்பி உள்பக்கமாக வழியும். மெல்லிய கம்பியை விட்டுக் கிளறிவிட்டு, டோர் பேடை (கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டையை) கழற்றி மேலிருந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கீழே உடனே வடிய வேண்டும்.

பேடைக் கழற்றியதும் இன்னொன்றையும் பாருங்கள். பேடுக்குப் பின்னால், கதவின் உள் தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை மூடி ஒரு பாலிதீன் ஷீட் ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் வண்டியில் அது இருக்காது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் கண்ணாடி ஏற்றும் மிஷினை ரிப்பேர் செய்பவர்கள் முதலில் கிழித்துப் போடுவது அதைத்தான். அது இல்லாவிட்டால் கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் பேடில் பட்டு, அட்டையை ஊறவைத்து, நேராக உங்கள் காலடிக்கு வரும். கட்டுமானக் கடையில் கிடைக்கும் கனமான பாலிதீன் ஷீட்டை வெட்டி, சுற்றிலும் பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் டேப்) ஒட்டி, அடி விளிம்பு மட்டும் கதவின் உள்பக்கம் போய் முடிகிற மாதிரி சொருகிவிடுங்கள். செலவு சொற்பம்தான், ஆனால் பல வண்டிகளில் நனைவதை நிறுத்தியது இந்த ஷீட்தான்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் ஹோஸ் சோதனை. மேட், பேட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியிலிருந்து, பீய்ச்சாமல், குழாயில் மெதுவாக விழும் தண்ணீரைக் காட்ட வேண்டும். கீழிருந்து மேலே போங்கள். முதலில் கதவின் அடி, சில நிமிடம் நிறுத்தி, அப்புறம் கீல் பக்கம், அப்புறம் கண்ணாடி வாய், கடைசியாக மேல் விளிம்பும் முன் கண்ணாடியும். மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடிவிடும், எது ஓட்டை என்றே தெரியாது. காலடி நனைகிற வண்டிகளில் முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள்தான் ஒழுகின என்று கடைசியில் தெரிவது சகஜம். அதற்கும் டோர் பீடிங்குக்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: பத்மினிக்குப் புது பீடிங் மாற்றியதிலிருந்து கதவு சாத்த மாட்டேன் என்கிறது. ஓங்கி அடித்தால்தான் பூட்டு விழுகிறது. மெக்கானிக் ‘போகப் போக அமுங்கிவிடும்’ என்கிறார். நம்பலாமா? (மதுரை)

பதில்: பாதி நம்பலாம். புது ரப்பர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கதவைச் சாத்தியே வெயிலில் சில நாள் நிறுத்தினால் ஓரளவு படியும். ஆனால் ஓங்கி அடிக்கிற அளவுக்கு இருந்தால் அது படியாது, தடிமன் தப்பு. அப்படியே அடித்துக்கொண்டிருந்தால் லாக் தேயும், கீல் தளரும், கதவின் மேல் ஃபிரேம் வெளியே வளைய ஆரம்பிக்கும், வளைந்ததைத் திரும்ப நேராக்குவது தனி வேலை.

தடிமனைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பழைய பீடிங்கை முழுக்க எடுத்துவிட்டு, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கோலிகுண்டு அளவு உருட்டி, பாலிதீன் துண்டில் சுற்றி, பீடிங் உட்காரும் பாதையில் கதவைச் சுற்றிலும் சாணுக்கு ஒன்றாக ஒட்டுங்கள். கதவை மெதுவாகச் சாத்தி, லாக் முழுசாக விழுந்ததும் திறங்கள். நசுங்கிய களிமண்ணை வெட்டி ஸ்கேல் வைத்து அளந்தால் ஒவ்வொரு இடத்திலும் உண்மையான இடைவெளி தெரிந்துவிடும். ஒரு பக்கம் 5 மி.மீ., இன்னொரு பக்கம் 9 மி.மீ. என்று வந்தால் முதலில் கதவைச் சரிசெய்யுங்கள். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கம் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் பின் தேய்ந்திருக்கிறது, கதவு தொங்குகிறது, அதைப் பார்க்காமல் பீடிங் வாங்குவது வீண். எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட 6 என்று வந்தால் 9 மி.மீ. உயரமுள்ள, உள்ளே குழாய் மாதிரி கூடாக இருக்கும் ஸ்பாஞ்ச் பீடிங் போதும். மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரியான அளவு. பாதிக்கு மேல் அமுங்க வேண்டியிருந்தால் கதவு சாத்தாது.

கீல் பக்கம் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ரப்பர் நேராக அமுங்காது, கதவு திரும்பும்போது கிள்ளப்படும். ஆகவே அங்கே பீடிங் ஒரு நூல் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தாலும் கதவு எதிர்த்துத் தள்ளும். புது பீடிங்கில் சாக்பீஸ் தடவி, கதவைச் சாத்தித் திறந்தால் எதிர்ப்பக்கம் பதிந்த தடம் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்சம் இறுக்கம் இருந்தால் மட்டும் ஸ்ட்ரைக்கரின் (பாடியில் லாக் வந்து பிடிக்கும் துண்டின்) ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, இம்மியளவு வெளியே நகர்த்துங்கள். பழைய இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு நகர்த்துங்கள். லாக்கின் இரண்டாவது பிடியும் விழுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும், அரைப்பூட்டில் ஓட்டக் கூடாது.

கேள்வி: நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்திலிருந்து இதன் மூல வண்டியான டிரையம்ப் ஹெரால்டின் ரப்பர் செட் வரவழைக்கலாமா, இல்லை இங்கேயே மீட்டர் கணக்கில் வாங்கலாமா? (சென்னை)

பதில்: நாலு கதவு ஹெரால்டு நம் சென்னையில், ஸ்டாண்டர்டு கம்பெனிக்காரர்கள் இந்தியாவுக்கென்று செய்தது. இங்கிலாந்தில் அப்படி ஒரு வண்டி வரவே இல்லை. ஆகவே அங்கிருந்து வரும் செட் இரண்டு கதவு வண்டிக்கானது, உங்கள் கதவுகளுக்கு வெட்டிய அளவாக அது பொருந்தாது. மீட்டர் கணக்கில் இங்கேயே வாங்குங்கள். பழைய பீடிங்கில், நசுங்காத இடமாகப் பார்த்து, பெரும்பாலும் மேல் மூலைகளில் கிடைக்கும், விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கடை கடையாக ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கையில் இருப்பதைத் தருவார்கள், துண்டைக் காட்டினால் தேடித் தருவார்கள். அம்பாசிடர்காரர்களுக்கும் இதையே சொல்வேன். வண்டி 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் பீடிங் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் கடைசி மாடலின் பீடிங் மார்க் 1, மார்க் 2 கதவில் அப்படியே உட்காரும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

ரப்பர் வகை கேட்டால் ஈ.பி.டி.எம். என்று கேளுங்கள், அது ஒரு செயற்கை ரப்பர். வெயிலும் ஓசோனும் இயற்கை ரப்பரை வெடிக்க வைக்கும், ஈ.பி.டி.எம். அதைத் தாங்கும். கடையில் நின்றே சோதிக்கலாம்: துண்டை இரண்டாக மடித்து அழுத்திப் பிடித்து விடுங்கள், மடித்த இடத்தில் வெளுத்த கோடு நின்றாலோ, உடனே பழைய உருவத்துக்கு வராவிட்டாலோ வேண்டாம். கதவு அமுங்கும் இடத்துக்கு ஸ்பாஞ்ச் வகை, தகட்டு விளிம்பைக் கவ்வும் இடத்துக்கு உள்ளே கம்பி வைத்த கிரிப் பீடிங். கிரிப் பீடிங் வாங்கும்போது தகட்டு விளிம்பின் தடிமனையும் அளந்துகொண்டு போங்கள், தளர்வாக இருந்தால் இறங்கும்போது கால் பட்டே கழன்றுவிடும்.

ஹெரால்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. அதன் பாடி தனி சேசிஸ் மேல் துண்டு துண்டாக போல்ட்டில் நிற்கிறது. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங் நைந்துபோனால் கதவு இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று மாறிவிடும். பீடிங்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அந்த போல்ட்டுகளை ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: எந்தப் பசை? சிலிக்கான் போதுமா? (ஈரோடு)

பதில்: கட்டுமான வேலைக்கு விற்கும் சிலிக்கான் வேண்டாம். வினிகர் வாசனை அடிக்கும் வகை காயும்போது அமிலத்தை விடும், அது தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அதோடு அது தடவிய இடத்தில் பின்னால் பெயிண்டும் நிற்காது. வெதர்ஸ்ட்ரிப் பசை என்றே டியூபில் வருகிறது, த்ரீ எம் கம்பெனியில் மஞ்சளும் கறுப்பும் உண்டு, கறுப்பு வாங்குங்கள், வழிந்தாலும் தெரியாது. அது கிடைக்காவிட்டால் ஃபெவிகால் எஸ்.ஆர். மாதிரியான சிந்தெடிக் ரப்பர் பசை போதும்.

பசையை விட ஒட்டும் முறைதான் முக்கியம். ஒட்டும் முன் பசையே இல்லாமல் பீடிங்கைச் சுற்றிலும் மாஸ்கிங் டேப்பால் நிறுத்தி, கதவு சாத்துகிறதா என்று பாருங்கள். ரப்பரின் முதுகை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள், புது ரப்பரில் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருக்கும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, ஒரு முழம் ஒரு முழமாக ஒட்டிப் போங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் மூலைகள் மறுநாள் எழும்பி நிற்கின்றன.

இழுக்காதீர்கள், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இழுத்து ஒட்டிய ரப்பர் மெல்லச் சுருங்கித் தன் நீளத்துக்குத் திரும்பும், அப்போது இணைப்பு பிளக்கும், மூலையில் உள்வாங்கும். தள்ளித் தள்ளி ஒட்டுங்கள், முடிவில் ஒரு நூல் கூடுதலாக விட்டு வெட்டி, இரண்டு முனையையும் முட்ட வைத்துச் சேருங்கள். இணைப்பு எப்போதும் கதவின் அடியில் வரட்டும், முன்பக்கமோ மேலேயோ வேண்டாம். முனையோடு முனை சேர்க்க மட்டும் ஒரு சொட்டு ஃபெவிக்விக் போடலாம், வேறெங்கும் கூடாது, அது காய்ந்தால் கல்லாகிவிடும். பீடிங்கில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் அவை காற்று வெளியேறுவதற்கு, பசையால் அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பழைய பசை கருங்கல்லாக ஒட்டியிருக்கிறது. தின்னர் போடலாமா? பெயிண்ட் அடித்த பிறகு பீடிங்கா, முன்னாலா? (சேலம்)

பதில்: தின்னர் பசையோடு பெயிண்டையும் எடுத்துவிடும். பெயிண்ட் அடிக்கப் போவதில்லை என்றால் டர்பன்டைனில் நனைத்த துணியைப் பசை மேல் சிறிது நேரம் போட்டு ஊறவைத்து, பிளாஸ்டிக் அட்டையாலோ மரச்சில்லாலோ சுரண்டுங்கள். ஹேர் டிரையர் சூடு காட்டினால் இன்னும் சுலபம். கடைசியில் சோப்புத் தண்ணீரால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள்.

பசை போனதும் அடியில் துரு தெரியும், அநேகமாகக் கீழ் மூலைகளில். வெறும் பெயிண்ட் பூசி மறைக்காமல் கம்பி பிரஷால் தகடு வெளுக்கும்வரை தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர், எபாக்ஸி பிரைமர், மேல் பூச்சு என்று முறையாகப் போங்கள். ஸ்க்ரூ டிரைவர் நுனி உள்ளே போகிற அளவு அரித்திருந்தால் வெல்டிங்தான். முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிப்பதாக இருந்தால் எல்லா ரப்பரையும் முன்பே எடுத்துவிடுங்கள், டேப் ஒட்டி அடிப்பது அழுக்கு வேலை. பெயிண்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் அடிவரை இறுக சில வாரம் பிடிக்கும். அதற்குள் பசை போட்டால் பசையில் இருக்கும் கரைப்பான் பெயிண்டைச் சுருட்டிவிடும்.

கேள்வி: தண்ணீர் வருவதில்லை. ஆனால் 60-ஐத் தாண்டினால் காதருகே விசில். (கோவை)

பதில்: கதவின் வெளி இடைவெளிகள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடி அவிநாசி ரோட்டில் ஒரு ஓட்டம் போய் வாருங்கள். நீங்கள் ஏறும் கதவுக்கு மட்டும், உள்ளே உட்கார்ந்த பிறகு வெளியிலிருந்து ஒருவர் ஒட்ட வேண்டும். சத்தம் நின்றிருந்தால் டேப்பைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டே மறுபடி ஓட்டிப் பாருங்கள், எந்தத் துண்டை எடுத்ததும் விசில் திரும்புகிறதோ அங்கேதான் கோளாறு. முன் கதவில் முக்கோணக் கண்ணாடி இருக்கும் வண்டி என்றால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம், அதன் ரப்பர்தான் முதலில் சுருங்கும். பிடி கிடைத்த இடத்தில் ஒரு தாள் கீற்றை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே ரப்பர் தொடவே இல்லை.

கேள்வி: வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். புது பீடிங் இருந்தால் ‘ஒரிஜினல் இல்லை’ என்று தள்ளிவிடுவார்களா?

பதில்: 2021-இல் வந்த மத்திய விதி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கானது. சேசிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பதுதான் அதில் உள்ள நிபந்தனை. பீடிங் தேய்மானப் பொருள், டயர் மாதிரி. தைரியமாக மாற்றுங்கள். பழைய துண்டு ஒன்றை மட்டும் உறையில் போட்டு வண்டிக் கோப்போடு வையுங்கள், அடுத்த முறை அளவெடுக்கவும் உதவும்.

கேள்வி: பீடிங் காயாமல் இருக்க அப்பா தேங்காய் எண்ணெய் தடவுவார். தொடரலாமா? (நாகர்கோவில்)

பதில்: அப்பாவின் அக்கறை புரிகிறது, ஆனால் எண்ணெய் வேண்டாம். புழுதியை இழுத்து ஒட்டவைக்கும், நாளாவட்டத்தில் பசையையும் இளக்கும். வாசலின், சாதா கிரீஸ், மண்ணெண்ணெய் இன்னும் மோசம், பெட்ரோலியப் பொருள் பட்டால் ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துப் போகும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் துணியில் தொட்டுத் தடவினால் போதும். கறுப்பாகப் பளபளப்பு வேண்டுமென்றால் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு, ஆனால் வண்டி பெயிண்டிங்குக்குப் போகிற நேரத்தில் சிலிக்கான் பக்கமே போகாதீர்கள், அது பட்ட இடத்தில் புது பெயிண்ட் மீன்கண் போலக் குழி குழியாக விலகும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டி என்றால் பவுடர் போட்ட பிறகும் வாரம் ஒருமுறை நாலு கதவையும் திறந்து மூடச் சொல்லுங்கள், உங்கள் ஊர் ஈரத்தில் ரப்பர் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டால் திறக்கும்போது பெயிண்டையும் பிய்த்துக்கொண்டு வரும்.