ஒரே பேருந்தில் ஊர்க்காரரும் விருந்தினரும்

நகரப் போக்குவரத்தும் சுற்றுலாவும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ‘ஸ்மார்ட் போக்குவரத்து’ என்ற தொடர் நகரத் திட்ட அறிக்கைகளில் எல்லாம் இடம்பெறுகிறது. கேமராக்களையும் சென்சார்களையும் பொருத்திவிட்டால் ஒரு நகரம் ஸ்மார்ட் ஆகிவிடுமா? இதற்கும் சுற்றுலாவுக்கும் என்ன தொடர்பு? (கல்லூரி மாணவி ஒருவர்)

பதில்: கருவிகளைப் பொருத்துவது இதில் எளிதான பகுதி. அவை திரட்டும் தகவலால் யாருடைய காத்திருப்பு குறைந்தது என்று கேட்டால்தான் திட்டத்தின் தரம் தெரியவரும். பேருந்தில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி அதன் இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகிறது. அந்தத் தகவலைக் கொண்டு, அடுத்த பேருந்து வர இன்னும் எத்தனை நிமிடம் ஆகும் என்று நிறுத்தத்துப் பலகையில் காட்டலாம். பேருந்து சந்திப்பை நெருங்கும்போது பச்சை விளக்கைச் சில நொடிகள் நீட்டிக்கலாம். இவ்விரண்டும் நடந்தால் பயணிக்குப் பலன் உண்டு. தகவல் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையோடு நின்றுவிட்டால் செலவு மட்டுமே மிஞ்சும்.

சுற்றுலாவுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். அன்றாடம் ஒரே வழியில் வேலைக்குப் போகிறவர், நிறுத்தத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாவிட்டாலும் எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதை அறிவார். வெளியிலிருந்து வருபவருக்கு வழித்தடமும் தெரியாது, கட்டணமும் தெரியாது, பல வேளைகளில் மொழியும் தெரியாது. அந்தத் தயக்கமே அவரை வாடகைக் காரை நோக்கித் தள்ளுகிறது. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுள் நிறுவனமும் சேர்ந்து, பேருந்து, ரயில் கால அட்டவணைகளை எந்தச் செயலியும் படிக்கக்கூடிய ஒரே வடிவில் வெளியிடும் முறையை உருவாக்கத் தொடங்கின. ஜிடிஎஃப்எஸ் எனப்படும் அந்த வடிவம் உலகெங்கும் பரவியதால்தான், ஒருவர் தம் வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே, தாம் போகவிருக்கும் நகரத்தில் எந்த நிறுத்தத்தில் இறங்கி எதில் மாற வேண்டும் என்பதை இன்று பார்த்துக்கொள்ள முடிகிறது. ஆரவாரமில்லாத இந்த வேலை, சுற்றுலாப் பயணிகளைப் பொதுப் போக்குவரத்துக்கு அழைத்துவந்ததில் விலையுயர்ந்த பல திட்டங்களைவிட அதிகம் சாதித்திருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் விடுதிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் காரிலேயே ஊரைச் சுற்றுகிறார்கள். எல்லாப் போக்குவரத்தையும் இணைக்கும் செயலி ஒன்றை உருவாக்கினால் அவர்கள் மாறுவார்களா? (விடுதி மேலாளர் ஒருவர்)

பதில்: செயலி மட்டும் போதாது என்பதற்குப் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியின் அனுபவம் இருக்கிறது. ரயில், பேருந்து, டாக்சி, வாடகை சைக்கிள் ஆகிய அனைத்தையும் ஒரே சந்தாவில் தரும் ‘விம்’ என்ற செயலி அங்கே 2016இல் அறிமுகமானது. உலகெங்கிலும் உள்ள திட்டமிடுநர்கள் அதை முன்மாதிரியாகப் பேசினார்கள். ஆனால் அதை நடத்திய நிறுவனம் 2024இல் திவாலானது. செயலியின் வடிவமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பிறருடைய பயணச்சீட்டுகளைச் சேர்த்து விற்கும் தொழிலில் கிடைக்கும் லாபம் மிகவும் மெல்லியது. மேலும், மூன்று நாள் தங்கப்போகும் ஒருவர் அதற்காகப் புதிய செயலியைத் தரவிறக்கிக் கணக்குத் தொடங்கி அட்டை விவரங்களைப் பதிவுசெய்யும் சிரமத்தை மேற்கொள்வார் என்று எதிர்பார்ப்பது கடினம்.

பயணி ஏற்கெனவே கையில் வைத்திருப்பதையே பயணச்சீட்டாக ஏற்றுக்கொள்ளும் வழி இதைவிட நன்றாகப் பலனளித்திருக்கிறது. லண்டன் பேருந்துகளில் 2012 டிசம்பரிலும் சுரங்க ரயிலில் 2014 செப்டம்பரிலும் சாதாரண வங்கி அட்டையைத் தொட்டுப் பயணிக்கும் வசதி வந்தது. ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் குறிப்பிட்ட உச்சவரம்புக்கு மேல் பணம் எடுக்கப்படாது. எந்தச் சீட்டு மலிவு என்று கணக்குப் பார்க்கும் பொறுப்பைப் பயணியிடமிருந்து அமைப்பே எடுத்துக்கொள்கிறது. புதிதாக வருபவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

உங்கள் துறைக்கு நேரடியாகப் பொருந்தும் எடுத்துக்காட்டு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரம். அங்கே விடுதியில் தங்குபவர் ஒவ்வொருவருக்கும் விருந்தினர் அட்டை ஒன்று தரப்படுகிறது. அதைக் கொண்டு நகரின் டிராம்களிலும் பேருந்துகளிலும் கட்டணமின்றிப் பயணிக்கலாம். வந்திறங்கும் நாளில் அட்டை கையில் இராது என்பதையும் யோசித்திருக்கிறார்கள்: முன்பதிவு உறுதிச்சீட்டைக் காட்டியே ரயில் நிலையத்திலிருந்தோ விமான நிலையத்திலிருந்தோ விடுதிவரை வந்துவிடலாம். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் 2005 முதல் நடைமுறையில் உள்ள ‘கோனுஸ்’ அட்டையும் இத்தகையதே. தங்குபவர்கள் செலுத்தும் விருந்தினர் வரியிலிருந்து அதற்கான செலவு ஈடுகட்டப்படுகிறது. முதல் பயணம் எதில் நடக்கிறதோ அதுவே மீதி நாட்களின் பழக்கமாகிவிடும். ஆகவே செயலிக்கு ஒதுக்க நினைக்கும் பணத்தைக் கொண்டு, உங்கள் பகுதியில் உள்ள மற்ற விடுதிகளையும் சேர்த்துக்கொண்டு, போக்குவரத்துக் கழகத்திடம் இப்படியொரு அட்டைக்காகப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பு வழியாகப் போகும் ஒரே பேருந்தில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்துவிடுவதால் மருத்துவமனைக்குப் போகக்கூட இடம் கிடைப்பதில்லை. அவர்களைப் பொதுப் போக்குவரத்துக்கு இழுப்பது நல்லது என்று எழுதுகிறீர்கள். எங்களைப் போன்றவர்களை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்)

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள வேதனை நியாயமானது, அம்மா. ஊரையும் இயற்கையையும் கெடுக்காமல் நீடிக்கும் ‘நிலைத்த சுற்றுலா’ பற்றிப் பேசுபவர்கள் பலரும் சுற்றுலாப் பயணி காரை விட்டு இறங்கியதோடு வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். அவர் ஏறிய பேருந்தில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டத்தையும் நிலைத்தது என்று சொல்ல நான் தயாராக இல்லை.

ஸ்பெயினின் பார்சிலோனாவில் பார்க் குவெல் பூங்காவை ஒட்டிய லா சலுத் பகுதியில் இதே நிலைதான் இருந்தது. மேட்டுத் தெருக்களில் வாழும் முதியவர்களுக்கென ஓடிய 116ஆம் எண் சிறு பேருந்தில், பூங்காவுக்குப் போகிறவர்கள் நிறைந்துவிட்டதால், அங்கு வாழ்பவர்கள் ஏற முடியாமல் போயிற்று. குடியிருப்போர் பல ஆண்டுகள் போராடிய பின், அந்த வழித்தடம் 2024இல் கூகுள் வரைபடத்திலிருந்து நகராட்சியின் முயற்சியால் நீக்கப்பட்டது. பேருந்தில் மீண்டும் முதியவர்களுக்கு இடம் கிடைத்தது. தகவலைப் பரப்புவதைப் போலவே, தேவைப்படும் இடத்தில் அதை அடக்கி வைப்பதும் அறிவுடைய நிர்வாகத்தின் பகுதி என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. ஆனால் மறைப்பதால் பயணிகளின் எண்ணிக்கை குறைந்துவிடாது. அவர்கள் வேறொரு வழித்தடத்துக்குப் போவார்கள், அங்கும் ஊர்க்காரர்கள் இருப்பார்கள். அதனால் இதைத் தற்காலிக நிவாரணமாகவே பார்க்கிறேன்.

ஜப்பானின் கியோட்டோ இன்னும் ஆழமாகச் சென்றது. அங்கே நகரப் பேருந்துகளில் நாள் முழுதும் பயணிக்க உதவிய மலிவான ஒருநாள் சீட்டு, சுற்றுலாப் பயணிகளைப் பேருந்தை நோக்கியே குவித்தது. ஆனால் சுரங்க ரயிலில் இடம் இருந்தது. அந்தச் சீட்டின் விற்பனையை 2023 செப்டம்பரோடு நிறுத்திவிட்டு, ரயிலும் பேருந்தும் சேர்ந்த சீட்டை முன்னிறுத்தினார்கள். 2024 ஜூனில், வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும், முக்கியமான இடங்களில் மட்டும் நின்று செல்லும் சுற்றுலா விரைவுப் பேருந்துகளைத் தொடங்கினார்கள். சாதாரணப் பேருந்தின் கட்டணம் 230 யென்னாக இருக்க, இதற்கு 500 யென் வைத்தார்கள். விரைவாகப் போக விரும்பும் விருந்தினர் கூடுதலாகக் கொடுக்கிறார். ஊர்க்காரரின் பேருந்தில் நெருக்கம் தணிய வழி பிறக்கிறது.

கொலம்பியாவின் மெடலின் நகரம் மலைச்சரிவில் வாழும் ஏழை மக்களுக்காக 2004இல் மெட்ரோ கட்டணத்திலேயே அடங்கிய கேபிள் கார் வழித்தடத்தைத் திறந்தது. அதன் மேல்முனையிலிருந்து ஆர்வி இயற்கைப் பூங்காவுக்குச் செல்லும் இன்னொரு வழித்தடத்தை 2010இல் தொடங்கியபோது, அதற்குத் தனிக் கட்டணம் விதித்தது. அன்றாடத் தேவைக்கான பயணத்தையும் பொழுதுபோக்குக்கான பயணத்தையும் கட்டணத்தில் வேறுபடுத்துவது அவ்வளவு கடினமல்ல என்பதற்கு இது சான்று.

உங்கள் பகுதியில் எந்த நேரத்துப் பேருந்துகளில் எத்தனை பேர் ஏற முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதை இரண்டு வாரம் அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து குறித்து வையுங்கள். பயணச்சீட்டு இயந்திரம் ஏறியவர்களை மட்டுமே கணக்கிடும். ஏற முடியாதவர்களைப் பற்றிய தகவல் எந்தக் கணினியிலும் இல்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது, அதை எழுத்தில் கொடுக்கும்போது மறுப்பது கடினம்.

கேள்வி: நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் விதிப்பது பணக்காரர்களுக்குச் சாலையைத் தாரைவார்ப்பது ஆகாதா? (வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்)

பதில்: மாற்று வழி எதையும் தராமல் விதித்தால் அப்படித்தான் ஆகும். சிங்கப்பூர் 1975இல் காகித உரிமச்சீட்டு முறையாக இதைத் தொடங்கி, 1998இல் மின்னணு முறைக்கு மாறியது. லண்டன் 2003 பிப்ரவரியில் 5 பவுண்டு கட்டணத்தோடு தொடங்கியது. நடைமுறைப்படுத்திய விதத்துக்காக நான் அதிகம் மதிப்பது ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமை. அங்கே 2005 ஆகஸ்டில் முதலில் கூடுதல் பேருந்துகளை விட்டார்கள். கட்டணம் 2006 ஜனவரியில்தான் வந்தது, அதுவும் ஜூலை இறுதிவரையிலான சோதனையாக. மையப் பகுதி எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. சோதனை முடிந்ததும் வாக்கெடுப்பு நடத்தினார்கள்; தொடக்கத்தில் எதிர்ப்பு மிகுந்திருந்த நகரத்தில், மாற்றத்தை அனுபவித்துப் பார்த்த பிறகு, பெரும்பான்மையினர் ஆதரித்தார்கள். அதே வேளையில் வாக்கெடுப்பு நடத்திய சுற்றுப்புற நகராட்சிகளில் எதிர்ப்பே மேலோங்கியது. பலன் மையத்துக்கும் சுமை புறநகருக்கும் போகிறது என்ற அவர்களுடைய உணர்வைப் பொருட்படுத்தாமல் விட முடியாது. கட்டணம் 2007 ஆகஸ்டில் நிரந்தரமானது.

உங்களைப் போன்ற ஓட்டுநர்களுக்குக் கட்டண விலக்கோ சலுகையோ வேண்டுமா என்பது ஒவ்வொரு நகரமும் பேசித் தீர்க்க வேண்டியது. அந்தப் பேச்சு கட்டணத்தை அறிவிக்கும் முன்பே உங்கள் சங்கத்தோடு நடந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விமானத்தில் பறந்துவிட்டு, போன இடத்தில் பேருந்தில் செல்வதால் பூமிக்கு என்ன நன்மை? (பொறியாளர் ஒருவர்)

பதில்: தொலைதூர விமானப் பயணத்தின் உமிழ்வைப் பேருந்துப் பயணம் ஈடுசெய்யாது, அப்படிச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். உலகச் சுற்றுலா அமைப்பும் சர்வதேசப் போக்குவரத்து மன்றமும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுற்றுலா சார்ந்த போக்குவரத்து மட்டுமே 2016இல் மனிதச் செயல்களால் விளைந்த கார்பன் உமிழ்வில் 5 சதவீதமாக இருந்தது. உமிழ்வைக் குறைக்க விரும்பும் பயணி எடுக்கும் மிகப் பெரிய முடிவு எவ்வளவு தூரம், எத்தனை முறை போவது என்பதே. குறைவான பயணங்கள், ஒவ்வொன்றிலும் அதிக நாள் தங்குவது, ரயில் இருக்கும் தூரத்துக்கு ரயிலையே நாடுவது ஆகியவைதான் இதற்கு வழி. நகருக்குள் பேருந்தில் செல்வதன் பலன் வேறு வகையானது: அங்கு வாழும் மக்கள் சுவாசிக்கும் காற்றும், பள்ளிக் குழந்தைகள் கடக்கும் சாலையும் அதனால் நேரடியாக மேம்படுகின்றன. அந்த நன்மை சிறியதல்ல, ஆனால் அதைக் காலநிலைக் கணக்கில் சேர்த்துக் காட்டக் கூடாது.

கேள்வி: எனக்கு 74 வயது. ஸ்மார்ட்போன் இல்லை. எல்லாம் க்யூஆர் கோடாக மாறிவரும் நிலையில் நான் தனியாக வெளியூர் போவதையே விட்டுவிட வேண்டுமா? (வாசகர் ஒருவர்)

பதில்: விடக் கூடாது, ஐயா. ஹாங்காங்கில் 1997இல் தொடங்கிய ஆக்டோபஸ் அட்டை போன்றவை போன் இல்லாமலே இயங்குகின்றன. பணம் கட்டி அட்டையை வாங்கிவிட்டால் போதும். லக்சம்பர்க் இன்னும் எளிமையாக்கியது: 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுதும் பேருந்து, டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு ஆகியவற்றில் விருந்தினர் உட்பட யாருக்கும் பயணச்சீட்டே தேவையில்லை. புறப்படும் முன் நீங்கள் போகும் நகரத்தில் பணம் கொடுத்து அட்டை வாங்கும் முகப்பு நிலையத்தில் உள்ளதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று அந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். உங்களைப் போன்ற பயணிகள் இருப்பதே அவர்களுடைய தரவில் பதிவாகவில்லை என்பதால், அக்கடிதத்துக்குப் பயன் உண்டு.