கிரிப்டோவில் வேலை வேண்டும் என்கிறாள் மகள், பாவம் என்கிறார் அப்பா

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். மகள் பள்ளியின் கடைசி ஆண்டில் இருக்கிறாள், கணக்கில் கெட்டிக்காரி. கல்லூரி வேண்டாம், நேராகக் கிரிப்டோவில், அதாவது பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயத் துறையில், இறங்குகிறேன் என்கிறாள். சூதாட்டக் காசு குடும்பத்துக்கு ஆகாது, நம் சமயம் அதை ஏற்காது என்று நீங்கள் சொல்லப்போக, "இது அறிவியல் அப்பா, உங்கள் நம்பிக்கையை இதில் கொண்டுவராதீர்கள்" என்று அவள் பேச்சை முறித்துவிட்டாள். வேலை பற்றிய பேச்சு இப்போது அறிவியலா சமயமா என்ற வழக்காகி நிற்கிறது.

அந்த வழக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்கள் பேச்சில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்தத் தொழில்நுட்பம் சொன்னபடி வேலை செய்கிறதா என்பது ஒன்று. சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்பது இன்னொன்று. இதில் சம்பாதிப்பது நியாயமா என்பது மூன்றாவது. அவள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நீங்கள் மூன்றாவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் சட்டத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. வேலைவாய்ப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் உங்கள் மகள் பக்கத்து நியாயம். பிட்காயின் பற்றிய ஒன்பது பக்கக் கட்டுரையை சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் யாரோ 2008 அக்டோபர் 31 அன்று வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று அதன் முதல் பிளாக், அதாவது பரிமாற்றப் பதிவுகளின் முதல் தொகுதி, உருவானது. உள்ளே இருப்பது சுத்தமான கணிதம். வேண்டுமானால் அவளையே செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தை எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹேஷ் முறையில் போட்டால் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி கிடைக்கும். வாக்கியத்தில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் அந்த வரி அடையாளமே தெரியாமல் மாறிவிடும். ஒவ்வொரு பிளாக்கும் தனக்கு முந்தையதன் ஹேஷைச் சுமக்கிறது, பழைய பதிவைக் கள்ளத்தனமாகத் திருத்தினால் பிடிபடுவது இதனால்தான். உலகில் எவரும் தம் கணினியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம், யாரையும் நம்பத் தேவையில்லை. இதுவரைக்கும் அவள் சொல்வது சரி.

ஆனால் "மொத்தமே 2.1 கோடி பிட்காயின்தான் வரும், அதனால் விலை ஏறியே தீரும்" என்று அவள் சொல்லும்போது கணிதம் முடிந்து நம்பிக்கை தொடங்கிவிடுகிறது. எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பது நிரலில் எழுதப்பட்ட விதி. நாளைக்கு அதை எவ்வளவு கொடுத்து வாங்குவார்கள் என்பதை எந்த நிரலும் சொல்லாது. டெராயூஎஸ்டி என்ற காயின் எப்போதும் ஒரு டாலருக்குச் சமமாகவே நிற்கும், அல்காரிதம் பார்த்துக்கொள்ளும் என்று பல லட்சம் பேர் நம்பினார்கள். 2022 மே மாதம் சில நாட்களுக்குள் அதுவும் அதைத் தாங்கிய லூனா என்ற காயினும் சரிந்து விழுந்தன. அறிவியல் என்று நினைத்துச் சேமிப்பை அதில் போட்டவர்கள் உண்மையில் வைத்திருந்தது நம்பிக்கையைத்தான்.

அவளிடம் இன்னொரு கதையையும் கேளுங்கள், அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். 2016இல் எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ வலையமைப்பில் 'தி டிஏஓ' என்ற பெயரில், நிரலே நிர்வாகம் செய்யும் ஒரு முதலீட்டு நிதியைத் தொடங்கினார்கள். அந்த நிரலில் ஒரு ஓட்டை. பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் கணக்கில் கழிக்கும்படி எழுதியிருந்தார்கள். காசாளர் பணத்தை நீட்டிவிட்டுப் பேரேட்டைத் திறப்பதற்குள் அதே ஆள் திரும்பவும் கையை நீட்டினால் எப்படி, அதே கதைதான். ஜூன் மாதம் ஒருவர் இப்படி ஏறக்குறைய 36 லட்சம் ஈதரை (எத்தீரியத்தின் நாணயம்) உருவிக்கொண்டார். பிரச்சினை அதற்குப் பிறகுதான் வந்தது. நிரல் எழுதியபடிதான் நடந்திருக்கிறது, நிரல்தான் சட்டம், தொடக்கூடாது என்றது ஒரு தரப்பு. திருட்டு திருட்டுதான், பணத்தை மீட்க வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. ஜூலையில் பெரும்பான்மையோர் பதிவேட்டை மாற்றிப் பணத்தை மீட்டார்கள். ஒப்பாதவர்கள் மாற்றாத பழைய பதிவேட்டையே எத்தீரியம் கிளாசிக் என்று தொடர்ந்தார்கள்.

உலகின் தேர்ந்த கணினி வல்லுநர்கள் கூடி நின்றும், எது நியாயம் என்பதற்குக் கணக்குப் போட்டு விடை காண முடியவில்லை. அவர்களும் தர்மம் பேசித்தான் முடிவெடுத்தார்கள், அதிலும் இரண்டாகப் பிரிந்தார்கள். நீங்கள் கேட்கும் கேள்வி பத்தாம்பசலித்தனமானது இல்லை என்பதை உங்கள் மகள் இதிலிருந்து புரிந்துகொள்வாள்.

இனி உங்கள் பக்கம், ஐயா. சமயப் பற்றுள்ளவருக்கு இந்தத் துறை ஒத்துவராது என்று நினைக்காதீர்கள். பிளாக்குகளைச் சங்கிலியாகக் கோத்த பிளாக்செயின் என்பது அடிப்படையில் ஒரு கணக்குப் பேரேடு. வணிகர்கள் கையாண்ட இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494இல் வெனிஸில் அச்சில் விளக்கியவர் லூக்கா பாசியோலி, பிரான்சிஸ்கன் சபைத் துறவி. கணக்குப் புத்தகத்தைச் சிலுவைக் குறியிட்டுத் தொடங்குங்கள் என்று சொன்னவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமெத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த ஆய்வைப் படைப்புக்குச் சான்று போலக் குறிப்பிட்டபோது, லெமெத்ருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டையும் தனித்தனியே வைக்க வேண்டும் என்பது அவர் நிலை. பக்தியும் குறையவில்லை, ஆய்வும் கெடவில்லை.

கிரிப்டோ பற்றிச் சமய அறிஞர்கள் சொன்னதையும் கவனமாகப் படிக்க வேண்டும். எகிப்தின் தலைமை முஃப்தி, அதாவது இஸ்லாமியச் சட்ட அறிஞர், 2018 ஜனவரியில் பிட்காயின் கூடாது என்றார். இந்தோனேசியாவின் உலமா கவுன்சில் 2021 நவம்பரில் கிரிப்டோவை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் (விலக்கப்பட்டது) என்றது. அதே வேளையில், பின்னணியில் தெளிவான மதிப்பும் பயனும் உள்ள கிரிப்டோ சொத்துக்குக் கதவைச் சாத்தவில்லை. ஹேஷ் முறையையோ கணிதத்தையோ யாரும் குறை சொல்லவில்லை. நிச்சயமின்மை, மோசடி, சூதாட்டத் தன்மை ஆகியவைதான் அவர்களை உறுத்தின. அதனால் உங்கள் சமயப் பெரியவர்களிடம் போகும்போது கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். "கடன் வாங்கி காயினில் போட்டு விலை ஏறுமா என்று காத்திருக்கலாமா?" என்பது ஒரு கேள்வி. "திருடுபோன காயின் எங்கே போனது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்கு என் மகள் போகலாமா?" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் வராது.

சரி, வேலைக்கு வருவோம். பதினெட்டு வயதில் டிரேடிங்கைப் பிழைப்பாக எடுத்துக்கொள்வதை நான் எந்த மாணவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது வேலையே அல்ல, கைமுதலைப் பணயம் வைப்பது. அந்த வயதில் கைமுதலும் கிடையாது. கைவிட்டுப் போனால் தாங்குவது நீங்கள்தான்.

வேலை என்று நான் சொல்வது சட்டமும் தொழில்நுட்பமும் சந்திக்கும் இடத்தில் இருப்பது. எப்படி வந்தது என்று பாருங்கள். டோக்கியோவிலிருந்து இயங்கிய மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச், அதாவது காயின் வாங்கி விற்கும் சந்தை, 2014இல் திவாலானது. ஜப்பான் சட்டத்தைத் திருத்தி, 2017 முதல் எக்ஸ்சேஞ்சுகள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றது. பணமோசடித் தடுப்புக்கான பன்னாட்டு அமைப்பான எஃப்ஏடிஎஃப் 2019இல், அனுப்புபவர் பெறுபவர் விவரங்கள் கிரிப்டோ பரிமாற்றத்தோடு சேர்ந்தே போக வேண்டும் என்றது. கிரிப்டோவுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் மைகா சட்டம் 2024 டிசம்பர் 30 முதல் முழுமையாக நடப்புக்கு வந்தது. இந்தியாவில் 2018இல் ரிசர்வ் வங்கி இந்தத் தொழிலுக்கு வங்கிச் சேவை கூடாது என்றது, 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2022இல் லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது, 2023இல் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். சீனா 2021இல் முழுவதுமாகத் தடுத்துவிட்டது. அதே ஆண்டு பிட்காயினைக் கட்டாயச் சட்டப்பூர்வ நாணயமாக்கிய எல் சால்வடார், 2025 தொடக்கத்தில் அந்தக் கட்டாயத்தை நீக்கிக்கொண்டது.

நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு விதி மாறுகிறது. மாறும் விதிகளைப் படித்து, நிறுவனத்தை அதன்படி நடக்கவைக்க ஆள் வேண்டும். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பைனான்ஸ் (Binance) என்ற எக்ஸ்சேஞ்ச் ஓர் உதாரணம். பணமோசடித் தடுப்பு விதிகளை மீறியதை 2023 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டு, 400 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சம்மதித்தது. அதன் நிறுவனருக்கு அடுத்த ஆண்டு நான்கு மாதச் சிறை.

விதிப்படி நடக்கவைக்கும் இந்தக் கம்ப்ளையன்ஸ் வேலை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். காலையில் திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறது. நேற்று கணக்குத் தொடங்கிய ஒருவருக்குப் பெரிய தொகை வந்து, சில நிமிடங்களில் பல வாலட்டுகளுக்கு (காயின் வைக்கும் கணக்குகளுக்கு) பிரிந்து போயிருக்கிறது. அவருடைய கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்களைப் பார்க்க வேண்டும். சொன்ன வருமானத்துக்கும் வந்த தொகைக்கும் பொருத்தம் உண்டா என்று பார்க்க வேண்டும். காயின் எந்த வாலட்டிலிருந்து கிளம்பி எந்த வழியாக வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். சந்தேகம் வலுத்தால் அரசு அமைப்புக்கு அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை போனதை அந்த வாடிக்கையாளரிடம் மூச்சுவிடக்கூடாது, பல நாடுகளில் அது தனிக் குற்றம். பொறுமையும் பிசிறில்லாத எழுத்தும் இல்லாதவர்கள் இதில் தேற மாட்டார்கள்.

இதையே இன்னும் ஆழமாகச் செய்வது தடம் தேடும் வேலை. பிட்பினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 2016இல் ஏறக்குறைய 1,20,000 பிட்காயின் திருடுபோனது. பதிவேடு எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடக்கும் என்பதால், புலனாய்வாளர்கள் தடத்தை விடாமல் தொடர்ந்து 2022இல் 94,000க்கும் மேலானதைக் கைப்பற்றினார்கள். மகளின் கணக்குத் திறமைக்கு இதுவும் பொருந்தும், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எனப்படும் தானே இயங்கும் ஒப்பந்த நிரல்களின் ஆடிட்டும் பொருந்தும். தி டிஏஓ நிரலில் இருந்தது போன்ற ஓட்டைகளை, நிரல் வெளியே போகும் முன்பே கண்டுபிடிப்பதுதான் அந்த ஆடிட்.

படிப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 'பிளாக்செயின்' என்று பெயர் சூட்டிய பட்டத்தை விட, கணிதம், கணினி அறிவியல், சட்டம், கணக்கியல் இவற்றில் ஒன்றை ஒழுங்காகப் படிப்பது நல்லது. கிரிப்டோ சுருங்கினாலும் கம்ப்ளையன்ஸ் தெரிந்தவருக்கு வங்கியில் இடம் உண்டு, தகவலைப் பூட்டிக் காக்கும் குறியாக்கவியல் தெரிந்தவரை இணையப் பாதுகாப்புத் துறையும் மென்பொருள் துறையும் தேடும். சில வாரச் சான்றிதழ்களுக்குப் பெரிய தொகை கட்டுவதைப் பட்டம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். ஆர்வத்தை அடக்க வேண்டியதில்லை. எத்தீரியத்துக்கு டெஸ்ட்நெட் என்ற சோதனை வலையமைப்பு இருக்கிறது, அங்கே ஓடும் ஈதருக்கு விலை கிடையாது. சொந்தமாக ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதி ஓட்டிப் பார்க்கட்டும். காசும் போகாது, உங்கள் மனசாட்சிக்கும் உறுத்தல் இல்லை. தி டிஏஓவின் அந்தப் பழைய ஓட்டையை அவளே மறுபடி உருவாக்கி அடைத்துக் காட்டினால், வேலை கொடுப்பவர் முன் தைரியமாக வைக்கலாம்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். "உன் வங்கிக் கணக்கில் பணம் வரும், அதற்கு காயின் வாங்கி அனுப்பினால் கமிஷன்" என்று மாணவர்களைத் தேடி வரும் வேலை, வேலையே இல்லை. மோசடிப் பணத்தை மாற்றிக் கொடுக்கப் பிள்ளைகளின் கணக்கை வாடகைக்கு எடுக்கிறார்கள். போலீஸ் வரும்போது பெயர் இருப்பது பிள்ளையுடையதுதான். சேருவதற்கு முன்பணம் கேட்டாலோ, நண்பர்களைச் சேர்த்தால் சம்பளம் என்றாலோ, அதோடு விட்டுவிடச் சொல்லுங்கள். அவளுக்காக உங்கள் பெயரில் எக்ஸ்சேஞ்ச் கணக்கும் தொடங்க வேண்டாம். பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகள் பதினெட்டு வயதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

இந்த வாரம் அவளிடம் ஒரு தாளைக் கொடுங்கள். கிரிப்டோ பற்றித் தான் சொல்வதில் எதை நிரூபிக்க முடியும், எதை நம்புகிறாள் என்று இரண்டு பத்தியாக எழுதட்டும். நீங்களும் ஒரு தாளில், இந்தத் துறையின் எந்தெந்த வேலை உங்கள் மனதுக்கு ஒவ்வாது, எது ஒப்பும் என்று எழுதுங்கள். 'எல்லாமே' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டு தாளும் கையில் வந்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். கல்லூரி விண்ணப்பங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கும்போதே, கணிதமா சட்டமா என்று அவளோடு உட்கார்ந்து பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்