வீட்டை அடகு வைத்து மனித உரிமை படிக்க வேண்டாம்

போன வாரம் என்னிடம் ஆலோசனை கேட்டு ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, தாய்மாமா, பி.காம் கடைசி ஆண்டில் இருக்கும் மகள். மகள் இரண்டு வருடமாக விடுமுறை நாட்களில் ஒரு மனித உரிமை அமைப்பில் ரசீதுகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறாள். அந்தத் துறையிலேயே இருக்க ஆசைப்படுகிறாள். அப்பாவுக்குத் தூக்கமே போய்விட்டது. மாமா ஒரு வழி சொல்லியிருக்கிறார்: "போவதுதான் போகிறாள், வெளிநாட்டில் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் மனித உரிமை முதுகலை படிக்கட்டும். ஐ.நா.வில் வேலை கிடைக்கும், நாலு பேரிடம் சொல்லவும் நன்றாக இருக்கும்." வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதுவரை பேச்சு போய்விட்டது.

ஐயா, பத்திரத்தைப் பெட்டியிலேயே வையுங்கள். முழு உதவித்தொகை கிடைத்தால் மகள் அந்தப் படிப்புக்குத் தாராளமாகப் போகலாம். கடன் வாங்கிப் போகக் கூடாது. இந்தத் துறையில் பெரும்பாலான வேலைகள் ஒரு திட்டத்தோடு தொடங்கி அந்தத் திட்டத்தோடு முடிபவை. இரண்டு, மூன்று வருடத்தில் ஒப்பந்தம் முடியும், வட்டி முடியாது. மாமா சொல்லும் ஐ.நா. தலைமைச் செயலகம் தன்னிடம் இன்டர்ன்ஷிப் செய்பவர்களுக்குச் சம்பளமே தருவதில்லை. அந்த மாதங்களின் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

சட்டப் படிப்பு, போட்டித் தேர்வு பற்றி ஆயிரம் பேர் சொல்வார்கள், அதற்குள் நான் போகவில்லை. உங்கள் மகள் ஏற்கெனவே கால் வைத்திருக்கும் வேலையை நீங்கள் யாரும் வேலையாகவே பார்க்கவில்லை. அதைப் பற்றித்தான் பேச வேண்டும். அதன் பெயர் கிராண்ட் மேலாண்மை: திருப்பித் தர வேண்டாத நிதியான நல்கையை அமைப்புக்குக் கேட்டு வாங்கி, சரியாகச் செலவழித்து, கணக்குக் காட்டும் வேலை.

ஜனநாயகத்துக்கும் மனித உரிமைக்கும் உழைக்கும் அமைப்புகள் பெரும்பாலும் நல்கையில்தான் ஓடுகின்றன. 2005-ல் தொடங்கிய ஐ.நா. ஜனநாயக நிதியம் தன் பணத்தில் பெரும்பகுதியை அரசுகளுக்குக் கொடுக்காமல் உள்ளூர் குடிமைச் சமூக அமைப்புகளுக்குக் கொடுக்கிறது. 2013-ல் வேலையைத் தொடங்கிய ஐரோப்பிய ஜனநாயக அறக்கட்டளை, பதிவு செய்யப்படாத சிறு குழுக்களுக்கும் உதவுகிறது. ஒவ்வொரு நிதியத்துக்கும் விண்ணப்பம் வேறு, தகுதி வேறு, கணக்குக் கேட்கும் முறையும் வேறு. அறிவிப்பை வரி வரியாகப் படித்து, "இது நமக்குப் பொருந்தாது, விட்டுவிடலாம்" என்று இயக்குநரிடம் தைரியமாகச் சொல்லும் ஒருவர் இருந்தால், அந்த அமைப்பின் பல வார உழைப்பு வீணாகாது.

பிறகு புரொபோசல், அதாவது நிதி கேட்டு எழுதும் திட்ட முன்மொழிவு. அதன் முதுகெலும்பு, என்ன செய்வோம், அதனால் என்ன மாறும், அதை எப்படி அளப்போம் என்று காட்டும் லாக்ஃப்ரேம் என்னும் அட்டவணை. 1969-ல் அமெரிக்க வளர்ச்சி உதவி முகமையான USAID-க்காக உருவாகி, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 200 பெண்களுக்கு உள்ளாட்சி பற்றிப் பயிற்சி கொடுத்தோம் என்பது செய்த வேலை. அவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆறு மாதத்தில் கூட்டத்தில் எழுந்து வரவு செலவைக் கேட்டு பதில் வாங்கினார்கள் என்பது விளைவு. நிதி கொடுப்பவர் கேட்பது இரண்டாவதை. அதை எப்படி எண்ணுவது, யார் எண்ணுவது, எண்ண ஆகும் செலவு பட்ஜெட்டில் இருக்கிறதா என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசிக்கத் தெரிய வேண்டும்.

பட்ஜெட்டில்தான் பல நல்ல அமைப்புகள் அடிபடுகின்றன. அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம் போன்ற மறைமுகச் செலவுக்கு ஐரோப்பிய ஒன்றிய நல்கைகளில் பொதுவாக நேரடிச் செலவில் 7 சதவீதம்வரைதான் கிடைக்கும். அமெரிக்க அரசு நல்கைகளில், அரசோடு தனி விகிதம் பேசி வாங்காத அமைப்புகளுக்கு 10 சதவீதமாக இருந்தது 2024 அக்டோபரில் 15 ஆனது. இந்த வித்தியாசம் தெரியாமல் பட்ஜெட் போட்டால், திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அமைப்பு கைக்காசை இழக்கும். ஒரே ஊழியரின் முழுச் சம்பளத்தை இரண்டு நல்கைகளில் எழுதிவிட்டால், ஆடிட்டில் அந்தத் தொகையை ஏற்காமல் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். யார் எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு நேரம் உழைத்தார் என்று காட்டும் டைம்ஷீட்டையும் வவுச்சரையும் ஒழுங்காக வைத்திருப்பவர்தான் அப்படி ஒரு நாள் வராமல் காப்பாற்றுகிறார்.

உங்கள் மகள் என் அறையில் பேசியது ஒரே ஒரு விஷயம்தான். பயணப்படி ரசீதில் சித்திரவதைக்கு ஆளானவரின் பெயரும் கையெழுத்தும் இருந்தால் அவருக்கு ஆபத்து வராதா என்று அமைப்பில் கேட்டாளாம், யாரும் பதில் சொல்லவில்லையாம். ஐயா, இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி அது. பெயருக்குப் பதில் குறியீட்டு எண், அசல் பட்டியல் பூட்டிய இடத்தில், ஆடிட்டர் நேரில் மட்டும் பார்ப்பது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே நிதி கொடுப்பவரிடம் பேசி எழுதி வாங்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவளுக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கிறது. இந்தப் பிள்ளையின் நாட்டம் எது என்று இனியும் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

பணமே வற்றிவிட்டால் என்ன செய்வாள் என்று அம்மா கேட்டார். நியாயமான பயம். முன்பு சொன்ன அந்த USAID முகமையே 2025 ஜூலை 1-ல் வெளிநாட்டு உதவியை நிறுத்திக்கொண்டது, உலகெங்கும் பலருக்கு வேலை போனது. சட்டங்களும் இறுகுகின்றன. ரஷ்யா 2012-ல் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளைக் குறிவைத்துச் சட்டம் போட்டது. ஹங்கேரி 2017-ல் கொண்டுவந்த அதே போன்ற சட்டம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் 2020-ல் தோற்றது. அதனால்தான் வணிகவியலை விடக் கூடாது என்கிறேன். பட்டத்தோடு ஒரு தொழில்முறைக் கணக்கியல் தகுதியையும் வேலை பார்த்துக்கொண்டே முடிக்கட்டும். நல்கைக் கணக்கு தெரிந்தவரை ஆராய்ச்சிக் கூடங்களும் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும்கூடத் தேடுகின்றன. கடன் இல்லாதவளுக்கு ஒரு வருடம் வேலை இல்லாவிட்டாலும் தாங்கும்.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. இதுவரை இலவசமாகச் செய்த வேலையைப் பகுதிநேரச் சம்பள வேலையாக மாற்றி எழுத்தில் தரும்படி அவள் அந்த அமைப்பிடம் கேட்கட்டும். கூடவே, ஐ.நா. ஜனநாயக நிதியத்தின் விண்ணப்ப வழிகாட்டியைப் படித்து, அமைப்பின் ஏதாவது ஒரு பணிக்கு இரண்டு வருட பட்ஜெட்டும் லாக்ஃப்ரேமும் போட்டு எடுத்து வரட்டும். அடுத்த முறை அப்பா, அம்மா, மகள் என்று நீங்கள் மூன்று பேர் மட்டும் வாருங்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பேசுவோம்.