மழை பெய்தால் மிஸ்ஸிங்: பழைய கார் வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: என் கார்புரேட்டர் காருக்கு வயது 25-க்கு மேல். வெயில் நாளில் ஒரு குறையும் இல்லை. இரவு முழுக்க மழை பெய்தால் மட்டும் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. ஸ்டார்ட் ஆனாலும் மிஸ்ஸிங்: இன்ஜின் விட்டுவிட்டு உதறுகிறது, பிக்கப் இல்லை. கால் மணி நேரம் ஓடியதும் சரியாகிவிடுகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது; இப்போதைக்கு அதைத் தொடவே வேண்டாம். ஈரத்தில் வந்து, இன்ஜின் சூடேறியதும் போய்விடும் கோளாறு பெரும்பாலும் இக்னிஷன் பக்கத்தில், அதாவது பிளக்கில் பொறி உண்டாக்கும் பகுதியில்தான் இருக்கும். பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்ட்டாக்கும் காயிலிலிருந்து பிளக்குக்குப் போவது 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்சாரம். பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிடச் சுலபமான வழி கிடைத்தால் அது அந்த வழியில் போய்விடும். வெடித்த ஒயர் உறை, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் அழுக்குப் படிந்த மூடி, அதன் மேல் கொஞ்சம் ஈரம், இவ்வளவு போதும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், பிளக்கில் பொறி பறக்க இன்னும் அதிக வோல்ட் வேண்டும். ஐடிலிங்கில் சமாளிக்கும் இன்ஜின் மேட்டில் உதறுவது இதனால்தான்.

கசிவைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இருட்டியதும் ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறங்கள். செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரில் தண்ணீர் எடுத்து, பனிபோல் லேசாகத் தெளியுங்கள். முதலில் காயில், பிறகு அதன் நடு ஒயர், மூடி, கடைசியாகப் பிளக் ஒயர்கள் ஒவ்வொன்றாக. எங்கே தெளிக்கும்போது நீலப் பொறி தாவுகிறதோ, ‘டிக் டிக்’ என்று கேட்கிறதோ, இன்ஜின் தடுமாறுகிறதோ, அதுதான் கசியும் இடம். ஓடும் இன்ஜினின் ஒயர்களைக் கையால் தொடக் கூடாது. சட்டைக் கையும் ஃபேன், பெல்ட் பக்கம் போகக் கூடாது.

அடுத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றுங்கள். ஒயர்களைப் பிடுங்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே எண் ஒட்டிவிடுங்கள். பல நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை 1-3-4-2. மாற்றிச் செருகினால் புதிய தலைவலி. மூடியின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். முனைகளுக்கு நடுவே பென்சில் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது மின்சாரம் எரித்துப் போட்ட கார்பன் பாதை. ஈரம் காய்ந்தாலும் அந்தப் பாதை இருக்கும், அடுத்த மழையில் இன்னும் சுலபமாகக் கசியும். எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பது வீண். மூடியையும் அதற்குள் சுழலும் ரோட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். மூடியின் நடுவில் இருக்கும் சிறு கார்பன் துண்டு ஸ்பிரிங்கில் அழுந்தி மீள வேண்டும். மூடிக்கடியில் ரப்பர் வளையம் உள்ள மாடலானால், அது இறுகிப்போயிருந்தாலும் ஈரம் உள்ளே வரும்.

பிளக் ஒயரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். கார்பன் இழை ஒயருக்குப் பெரும்பாலும் மீட்டருக்கு 10 முதல் 20 கிலோ ஓம் இருக்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட எக்கச்சக்கமாகக் காட்டினால் அது போய்விட்டது. ஆனால் எண் சரியாக இருப்பதால் உறை நல்லது என்று ஆகிவிடாது. ஸ்பிரே சோதனைதான் நம்பகமானது. பிளக் இடைவெளி, பாயின்ட் (காயில் மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனை) வைத்த இன்ஜினில் பெரும்பாலும் 0.6-0.8 மி.மீ., சரியான அளவு உங்கள் கார் கையேட்டில் இருக்கும். தேய்ந்து 1 மி.மீ. ஆகிவிட்ட பிளக்குக்கு அதிக வோல்ட் தேவைப்படும், கசிவும் கூடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மிஸ்ஸிங் தொடர்ந்தால், அப்போது கார்புரேட்டர் பேச்சை எடுக்கலாம்.

கேள்வி: என் காரில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை, ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு காயில். மழைக்குப் பிறகு உதறுகிறது, இன்ஜின் விளக்கு மின்னுகிறது. ஸ்கேனரில் பி0302 வருகிறது.

பதில்: இரண்டாம் சிலிண்டர் மிஸ்ஸிங் என்பது அதன் பொருள். விளக்கு மின்னும்போது ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும். அந்தக் காயிலை எடுத்துப் பிளக் குழியைப் பாருங்கள், தண்ணீர் தேங்கியிருக்கலாம். துணியாலோ காற்றாலோ உலர்த்துங்கள். பிறகு 2-ஆம் காயிலையும் 3-ஆம் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுங்கள். ஸ்கேனரில் பி0303 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையும் வயரிங்கையும் பாருங்கள். தண்ணீர் எப்படி வந்தது என்பதையும் விடாதீர்கள்: கண்ணாடிக்குக் கீழே வைப்பர் பள்ளத்தில் இலைகள் அடைத்து வடிகால் நிரம்பி வழிவது வழக்கமான காரணம்.

கேள்வி: வெயில் வந்து இரண்டு நாளாகியும் திணறல் போகவில்லை. என்ன செய்வது?

பதில்: அப்படியென்றால் ஈரம் பெட்ரோலுக்குள் போயிருக்கலாம். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா பாருங்கள். ஃபியூயல் ஃபில்டரிலிருந்தோ கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்திலிருந்தோ கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர் உறுதி. 10 சதவீத எத்தனால் கலந்த ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 5 மில்லி தண்ணீரைத்தான் தாங்கும்; அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க வேண்டாம், டேங்க்கை வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றுவதே வழி.

கேள்வி: டபிள்யூடி-40 அடித்தால் போதுமா?

பதில்: நடுவழியில் நின்றால் வீடு சேர உதவும். இன்ஜினை நிறுத்தி, சூடு குறைந்தபின் அடித்துத் துடையுங்கள். அது தீப்பிடிக்கும், ஆவி போனபின்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீரைத் தள்ளுமே தவிர, விரிசலை ஒட்டாது.

கேள்வி: தேங்கிய தண்ணீரில் இறங்கும்போது இன்ஜின் நின்றுவிட்டது.

பதில்: இது வேறு விஷயம். சாவியைத் திருப்பாதீர்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். தண்ணீர் அமுங்காது, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையலாம். காரை இழுத்துப் போய், பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனையும் ஃபியூயல் சப்ளையையும் துண்டித்து, முதலில் இன்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.