வீட்டில் அனுமதி கேட்பது எப்படி? சேலம் மாணவர்களின் கேள்விகளும் ஓர் ஆசிரியையின் பதில்களும்

சேலத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வகுப்பாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் கடைசி நாளன்று கண்கலங்கி நின்ற பிள்ளைகளையும், மறுநாள் பள்ளிக்கே வந்து "அனுப்ப முடியாதுங்க டீச்சர்" என்று சொல்லிச் சென்ற பெற்றோரையும் பார்த்திருப்பதால், இரு பக்கத்து நியாயமும் ஓரளவு தெரியும்.

கேள்வி: தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து ஏற்காட்டுக்கு ஒருநாள் சென்று வர விரும்புகிறோம். அப்பா காரணமே சொல்லாமல் மறுக்கிறார். (11-ஆம் வகுப்பு மாணவி, அம்மாப்பேட்டை)

காரணம் சொல்லவில்லை என்பதால் காரணம் இல்லை என்று எண்ணிவிடாதே அம்மா. ஏற்காடு என்றதும் உனக்கு ஏரியும் படகும் நினைவுக்கு வருகின்றன. அவருக்கோ இருபது கொண்டை ஊசி வளைவுகளும், யாரோ ஓட்டும் வண்டியும், பனி மூடி இருட்டிய பிறகும் வீடு வந்து சேராத மகளும் கண்முன் நிற்கிறார்கள். எனவே கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, "எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் அப்பா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இரு. இந்த இரண்டாவது பாதிதான் கடினம்.

பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடு: பேருந்தில் செல்கிறீர்களா, வாடகை வண்டியிலா, வண்டி என்றால் ஓட்டுநர் யாருக்குத் தெரிந்தவர், எந்தத் தோழியின் தாயார் உடன் வருகிறார், அவருடைய கைபேசி எண் என்ன, எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்கத் தொடங்குவீர்கள். தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்றாலும் வளைவுகளில் மெதுவாகத்தான் வரமுடியும் என்பதால், பிற்பகல் மூன்றரைக்கே கிளம்பிவிடுவோம் என்று அவர் கேட்பதற்கு முன்பே நீ எழுதியிருந்தால், அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேசும். மே மாதக் கோடை விழா நாள்களைத் தவிர்த்துவிடு. கூட்டத்தில் சிக்கினால் சொன்ன நேரத்துக்குத் திரும்ப முடியாது.

"எல்லார் வீட்டிலும் விட்டுவிட்டார்கள்" என்று மட்டும் சொல்லாதே. அந்த வாக்கியத்துக்குக் கிடைத்த அனுமதி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படியும் மறுத்தால், மலையடிவாரத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு ஒரு பிற்பகல் சென்று வரக் கேட்டு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வீட்டுப் படியேறு. இரண்டு மாதம் கழித்து ஏற்காட்டுப் பேச்சை எடுக்கலாம். மலை எங்கும் போய்விடாது.

கேள்வி: எனக்கு 17 வயது. அண்ணனின் பைக்கில் ஏற்காடு செல்ல வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது? (மாணவன், அஸ்தம்பட்டி)

இதில் நான் உன் பெற்றோர் பக்கம். 16 வயதில் 50 சிசி வரையிலான கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே உரிமம் பெற முடியும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. உன் வாதத் திறமையை வேறொன்றுக்குச் சேமித்து வை தம்பி.

கேள்வி: பெற்றோர் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். 12-ஆம் வகுப்பு முடித்துவிட்டேன். சேலத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கக் கேட்டால், "ஊர் என்ன சொல்லும்" என்கிறார் அப்பா. (மாணவி, ஏற்காடு)

ஊர் என்ற சொல்லுக்குப் பின்னால் பல வீடுகளில் செலவு ஒளிந்திருக்கும். கையில் பணமில்லை என்று மகளிடம் சொல்லத் தகப்பன்மார் கூசுவார்கள். ஆகையால் கணக்கிலிருந்து தொடங்கு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். சேரும்போதே கல்லூரியில் இதைக் கேட்டுப் பதிந்துகொள்.

ஊர்ப்பேச்சைப் பற்றிய பயத்துக்கு உன் வார்த்தை மருந்தாகாது. கீழே சென்று படித்த பெண் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால், அவளுடைய தந்தை உன் தந்தையிடம் கால்மணி நேரம் பேசட்டும். பின்பு அப்பாவையே விடுதிக்கு அழைத்துச் சென்று, காப்பாளரிடம் அவர் கேட்க விரும்புவதையெல்லாம் கேட்கச் செய். நீ சற்றுத் தள்ளி நில்.

மறுப்புக்குப் பின்னால் 18 நிறையும் முன்பே திருமணம் என்ற ஏற்பாடு இருக்குமானால், அது அனுமதி கேட்டுத் தீர்க்கும் விஷயமன்று. உன் ஆசிரியரிடம் சொல், அல்லது குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ அழை.

கேள்வி: சிறப்பு வகுப்பு என்று பொய் சொல்லித் திரைப்படத்துக்குச் சென்று மாட்டிக்கொண்டேன். இப்போது எதற்குமே அனுமதி இல்லை. (மாணவன், சூரமங்கலம்)

சில மாதங்களுக்குக் கிடைக்கத்தான் செய்யாது. அந்தக் காலத்தில் புதிதாக எதையும் கேட்காமல், கடைக்குப் போனாலும் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போ. என் மகனும் இதே போலச் சிக்கியவன்தான். பின்னொரு நாள் பேருந்து கிடைக்காமல் தாமதமானபோது, நான் தேடத் தொடங்குவதற்கு முன்பே கடைக்காரரின் கைபேசியிலிருந்து அழைத்துச் சொன்னான். அன்றிரவு முகத்தைக் கடுமையாகத்தான் வைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த முறை அவன் கேட்டபோது மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எப்போது கேட்டால் நல்லது? எங்கள் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை நடக்கிறது. (மாணவி, சிவதாபுரம்)

சரக்கு ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு வேண்டாம்; உறவினர் முன்னிலையில் வேண்டவே வேண்டாம், ஏனெனில் அங்கே அவர் சம்மதித்தாலும் சங்கடம், மறுத்தாலும் சங்கடம். கூலிக் கணக்கு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேள். அவர் கண்ணயர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.